மேற்கோள் எண்ணிக்கையும் ஆராய்ச்சியின் மதிப்பும்

ஓர் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோளாகச் சுட்டியுள்ளனர் என்னும் இரு எண்கள், பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் நிதி உதவியிலும் இன்று கருதப்படுகின்றன. இவ்வெண்கள் எதனை அளக்கின்றன, எதனை அளக்கமாட்டா என்பதை ஆசிரியரும் களப்பணியாளரும் அறிந்திருத்தல் நலம்.

அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு 1955இல் மேற்கோள் அட்டவணையின் தேவையை எடுத்துரைத்தார். ஒரு கட்டுரையைப் பின்வந்த எந்தெந்தக் கட்டுரைகள் சுட்டுகின்றன என்று கண்டறிய உதவுவதே அதன் நோக்கம். 1960களில் அவ்வட்டவணை வெளிவரத் தொடங்கியது. தேடுவதற்கென எழுந்த கருவி நாளடைவில் மதிப்பிடும் கருவியும் ஆயிற்று. 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலறிஞர் எளிய குறியெண் ஒன்றை வகுத்தார். ஒருவர் எழுதியவற்றுள் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 10 முறையேனும் சுட்டப்பட்டு, 11 கட்டுரைகள் 11 முறை என்னும் நிலை எய்தாதிருப்பின், அவருடைய குறியெண் 10 ஆகும்.

இதனை நரம்பியல் வரலாற்றில் பொருத்திப் பார்ப்போம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவரும் ஊசிக்கணவாயின் பருத்த நரம்பிழையில் மின்னழுத்தத்தை அளந்து, 1939இல் சிறு குறிப்பொன்றை வெளியிட்டனர். போர் குறுக்கிட்டமையால் அதன் விரிவான கட்டுரை 1945இல்தான் வெளிவந்தது. பின்னர்ச் சோடியம், பொட்டாசியம் அயனிகள் நரம்பிழையின் சவ்வைக் கடப்பதனாலேயே நரம்புத் துடிப்பு எழுகிறது என்பதைச் சமன்பாடுகளால் விளக்கி, 1952இல் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டனர். அவற்றுள் முதலாவதில் காட்ஸ் என்பவரும் பங்கு கொண்டார். இப்பணிக்காக அவ்விருவரும் 1963இல் எக்கிள்ஸ் என்பவருடன் நோபல் பரிசு பெற்றனர்.

அவர்கள் அவ்வைந்து கட்டுரைகளை மட்டுமே எழுதியிருந்தால், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான முறை சுட்டப்பட்டிருப்பினும், குறியெண் 5ஐத் தாண்டியிராது. குறியெண் கட்டுரைகளின் எண்ணிக்கையை விஞ்ச இயலாதன்றோ! மேலும், அவர்தம் முடிவு இன்று பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. அதனைக் கையாள்வோர் பலர் மூலக்கட்டுரையைச் சுட்டுவதில்லை. பொதுவுடைமையாகிவிட்ட உண்மைக்கு மேற்கோள் குறைவது இயல்பே.

இதற்கு மாறாக, மிக அதிகமாகச் சுட்டப்பட்ட கட்டுரை எனப்படுவது, புரதத்தின் அளவைக் காணும் முறை குறித்து லௌரியும் துணைவரும் 1951இல் எழுதியதாகும். அது 3 லட்சம் முறைக்கு மேல் சுட்டப்பட்டுள்ளது. ஆய்வுக்கூடந்தோறும் பயன்படும் செய்முறையாதலின் அவ்வளவு மேற்கோள் சேர்ந்தது. பயன் மிகுதியை அவ்வெண் காட்டுகிறது. கருத்தின் ஆழத்தை அது காட்டவில்லை.

எனவே, எண்களை ஒப்பிடுங்கால் மூன்றினை நோக்குதல் வேண்டும்: துறை ஒன்றேயா? பணியாற்றிய ஆண்டுகள் சமமா? சுட்டியவர் பாராட்டிச் சுட்டினரா, மறுத்துச் சுட்டினரா? ஓர் இதழின் சராசரி மேற்கோளைக் கொண்டு தனி ஆராய்ச்சியாளரை மதிப்பிடலாகாது என்று 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ அறிக்கையும் வற்புறுத்துகிறது.

எண் ஒரு கட்டுரையை நமக்குச் சுட்டிக்காட்டலாம். அதன் தகுதியை அறியக் கட்டுரையைப் படித்தல் வேண்டும். இளம் ஆராய்ச்சியாளர் ஒருவரின் வாழ்வு அத்தீர்ப்பைச் சார்ந்திருக்கையில், அவ்வுழைப்பைத் தவிர்த்தல் முறையன்று.