உருண்டைக்குள் உலகம் – 8: செவ்வாயில் லோவல் போட்ட கோடுகள்

கூகுள் எர்த் புரோவைத் திறந்தால் மேல்பட்டையில் வளையம் சூழ்ந்த சனிக்கோளைப் போல ஒரு சின்னம் தெரியும். அதைச் சொடுக்கினால் பூமி, வானம், செவ்வாய், நிலா என்று நான்கு பெயர்கள் வரும். செவ்வாயைத் தேர்ந்தெடுங்கள். நீல உருண்டை போய், காவி நிறத்தில் இன்னோர் உருண்டை வந்து நிற்கும். 2009 பிப்ரவரியில் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. நிலா அதே ஆண்டு ஜூலையில், அப்போலோ 11 நிலவில் இறங்கியதன் நாற்பதாம் ஆண்டு நிறைவில் சேர்ந்தது. சென்ற வாரம் இமயமலையைச் சுற்றிவரப் பழகிய கை இங்கேயும் உதவும். உருட்டுவது, நெருங்குவது, சாய்ப்பது எல்லாம் ஒன்றேதான்.

எல்லோரும் முதலில் போகும் இடம் ஒலிம்பஸ் மான்ஸ். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். சூரியக் குடும்பத்தில் நாம் அறிந்த மிகப்பெரிய எரிமலை இது. அடிவாரத்தின் குறுக்களவு சுமார் 600 கி.மீ. உயரம் ஏறக்குறைய 22 கி.மீ., அதாவது எவரெஸ்ட்டைப் போல இரண்டரை மடங்கு. எங்கிருந்து அளந்த உயரம் என்று கேட்கத் தோன்றும்; கடலே இல்லாத கிரகத்தில் கடல்மட்டம் ஏது? செவ்வாய் முழுக்கத் தண்ணீர் சூழ்ந்திருந்தால் அது எந்த உயரத்தில் சமமாக நிற்குமோ, அப்படி ஒரு கற்பனைப் பரப்பைச் சுழியமாக வைத்து அளந்திருக்கிறார்கள்.

மேலிருந்து பார்க்கும்போது உச்சியில் ஒன்றுக்குள் ஒன்றாக இடிந்து விழுந்த பள்ளங்கள் தெரியும். உள்ளே எரிகுழம்பு வற்ற வற்றக் கூரை சரிந்ததால் உண்டானவை. அதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். சரிவில் ஏதாவது ஓர் இடத்தில் இறங்கி, பார்வையைத் தரைமட்டத்துக்குச் சாயுங்கள். மலை காணாமல் போய்விடும்! லேசாகச் சாய்ந்த ஒரு சமவெளியும் அதற்கு மேல் வானமும்தான் மிஞ்சும். அந்தச் சரிவு சராசரியாக 5 பாகை. நடந்து ஏறினால் மூச்சு வாங்காது. செவ்வாய் பூமியைவிடச் சிறிய கிரகம் என்பதால் அதன் தரை சீக்கிரமே வளைந்து இறங்கிவிடுகிறது. சமதரையில் நிற்கும் ஒருவருக்குப் பூமியில் தொடுவானம் நாலரை கி.மீ. தள்ளி இருக்கும், செவ்வாயில் 3.3 கி.மீ.தான். அந்த மலைமேல் நிற்கும் மனிதருக்குத் தான் இத்தனை பெரிய மலைமேல் நிற்பதே கண்ணால் தெரியாது. எந்தப் புகைப்படமும் இதை எனக்கு உணர்த்தியதில்லை. இந்த மென்பொருள் ஒரே சாய்ப்பில் உணர்த்திவிட்டது.

அமைப்புகளில் நிலவுயரத்தைக் கூட்டிக் காட்டும் எண் ஒன்று உண்டு. அதை 3 வரை ஏற்றலாம். ஏற்றினால் மலைகள் ஓவியம்போல எழுந்து நிற்கும். பத்திரிகைகளில் வரும் செவ்வாய்ப் படங்கள் பலவும் இப்படி உயரம் கூட்டியவையே. நான் அதை 1-லேயே வைக்கச் சொல்வேன். செவ்வாயின் பிரம்மாண்டம் அதன் அகலத்தில் இருக்கிறது. உயரத்தைக் கூட்டினால் அந்த அகலம் கண்ணிலிருந்து தப்பிவிடும்.

இந்த மேடுபள்ளமெல்லாம் எப்படிக் கிடைத்தன? 1997-ல் செவ்வாயை அடைந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தில் மோலா என்ற லேசர் உயரமானி இருந்தது. நொடிக்குப் பத்து முறை தரையை நோக்கி ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளந்தது. விண்கலம் பறந்த உயரம் சுமார் 400 கி.மீ.; ஒளி போய்த் திரும்ப ஒரு நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்குகூட ஆகவில்லை. அந்த நேரத்தில் நேர்ந்த மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்களே மலையாகவும் பள்ளத்தாக்காகவும் நம் முன் நிற்கின்றன. 2001 வரை இப்படி 60 கோடிக்கும் மேற்பட்ட அளவீடுகள் சேர்ந்தன. ஒவ்வொரு துடிப்பும் தரையில் சுமார் 160 மீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்தில் விழும்; அடுத்தது ஏறக்குறைய 300 மீட்டர் தள்ளி விழும். விண்கலம் துருவத்துக்குத் துருவம் சுற்றியதால் தடங்கள் துருவங்களை ஒட்டி நெருங்கியும் நடுக்கோட்டில் விலகியும் கிடக்கின்றன. நடுக்கோட்டில் சில இடங்களில் இரு தடங்களுக்கு நடுவே சில கிலோமீட்டர் இடைவெளி உண்டு. அங்கே நீங்கள் காணும் வழுவழுப்பான தரை, இரு பக்கத்து அளவுகளையும் வைத்துக் கணினி இட்டு நிரப்பியது. இதை அறிந்து பார்த்தால் உருண்டையின் மீது மரியாதை கூடத்தான் செய்யும்.

இப்போது இடப்பக்கத்து அடுக்குகள் பட்டியலுக்கு வாருங்கள். அதில் பழைய வரைபடங்கள் என்று ஒரு பிரிவு இருக்கிறது. இத்தாலிய வானியலாளர் ஜியோவானி ஸ்கியாபரெல்லியும் அமெரிக்கரான பெர்சிவல் லோவலும் வரைந்த படங்களை அங்கே உருண்டையின் மேல் போர்த்தியிருக்கிறார்கள். இந்த மென்பொருளில் எனக்கு மிகப் பிடித்த மூலை இதுதான்.

லோவல் பாஸ்டன் நகரத்துச் செல்வந்தர். 1894-ல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் சொந்தச் செலவில் வானாய்வகம் கட்டி, இரவிரவாகச் செவ்வாயைப் பார்த்தார். நேர்கோடுகள் தெரிந்தன, வரைந்தார். வறண்டுகொண்டிருக்கும் ஒரு கிரகத்தில், துருவப் பனி உருகும் நீரை ஊர்களுக்குக் கொண்டுவர அங்குள்ள மக்கள் வெட்டிய கால்வாய்கள் அவை என்று நம்பினார். கோடுகள் சந்திக்கும் இடங்களில் கரும்புள்ளிகள் தெரிந்தன. அவற்றைப் பாலைவனச் சோலைகள் என்றார். அதை நம்பிப் பல ஆண்டுகள் உழைத்தார், நூல்கள் எழுதினார்.

அவர் படத்தைப் போர்த்தி, ஒளிபுகும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கோடுகளுக்கு அடியிலிருந்து உண்மையான தரை எழும்பி வரும். ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு நெருங்கிப் போங்கள். அது மோதல் பள்ளத்தின் விளிம்பில் ஏறி, உள்ளே இறங்கி, மறுபக்கம் ஏறி, எரிகுழம்புச் சமவெளியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும். அடியில் வாய்க்காலும் இல்லை, வரப்பும் இல்லை. பெரும்பாலான கோடுகளின் கதை இதுதான். ஒன்றே ஒன்றை விதிவிலக்காகச் சொல்லலாம்: அகதோடைமோன் என்று பெயரிட்டிருந்த கோடு. அதற்கு அருகே, சுமார் 4,000 கி.மீ. நீளத்துக்கு, வாலஸ் மரினேரிஸ் என்ற பெரும்பள்ளத்தாக்கு கிடக்கிறது. அங்கே ஏதோ இருந்தது. அவர்கள் நினைத்தது மட்டும் இல்லை.

1909-ல் பாரிஸ் அருகே மூடோனில் இருந்த பெரிய தொலைநோக்கியில் யூஜின் அந்தோனியாடி பார்த்தபோது, கோடுகள் உடைந்து ஒழுங்கற்ற திட்டுகளாகத் தெரிந்தன. 1965-ல் மாரினர் 4 அனுப்பிய இருபதுக்கும் மேற்பட்ட படங்களில் பள்ளங்களே நிறைந்திருந்தன. 1971 நவம்பரில் மாரினர் 9 போய்ச் சேர்ந்தபோது கிரகம் முழுவதும் புழுதிப்புயல். அந்தப் புழுதிக்கு மேலே நான்கு கரும்புள்ளிகள் மட்டும் தலைநீட்டின. புயல் அடங்கிய பிறகு பார்த்தால் அவை எரிமலைகளின் உச்சிகள்! அவற்றில் ஒன்றுதான் நாம் சற்றுமுன் ஏறி இறங்கிய ஒலிம்பஸ்.

தேடல் கட்டத்தில் லோவல், ஸ்கியாபரெல்லி, அந்தோனியாடி என்று ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பாருங்கள். மூன்று பேரின் பெயரிலும் செவ்வாயில் பள்ளங்கள் இருக்கின்றன. வாழ்நாளில் கருத்து மாறுபட்டவர்களை ஒரே கிரகத்தின் தரை தாங்கிக்கொண்டிருக்கிறது.

பூமி உருண்டையிலும் இத்தகைய கோடுகள் விழுந்தன. 2009-ல் கடலடித் தரை சேர்க்கப்பட்ட சில நாட்களிலேயே, ஆப்பிரிக்காவின் வடமேற்கே அட்லாண்டிக் கடலடியில் தெருக்களைப் போலச் சதுரச் சதுரமாகக் கோடுகள் தெரிகின்றன, மூழ்கிப்போன அட்லாண்டிஸ் இதுதான் என்று பரபரப்பு கிளம்பியது. ஆழம் அளந்த கப்பல்கள் போய்வந்த தடங்கள் அவை. கப்பல் போன பாதையில் துல்லியமான அளவும் மற்ற இடத்தில் தோராயமான அளவும் இருந்ததால் தையல் வெளியே தெரிந்துவிட்டது. பவளக்கடலில் நியூ கலிடோனியாவுக்கு மேற்கே சாண்டி தீவு என்று ஒன்றும் இந்த உருண்டையில் இருந்தது. 1876-ல் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்று குறித்துவைத்த தீவு. 2012 நவம்பரில் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் அங்கே போனது. தீவு இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமான கடல்! பூமியின் கடலடியில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான பரப்பைத்தான் இதுவரை நவீன முறையில் நேரடியாக அளந்திருக்கிறோம். செவ்வாயில் மறைக்கக் கடல் இல்லை.

உருண்டை என்பது கோத்து முடித்த பொருள். அதற்கு அடியில் உள்ள மூலப்படங்களும் பொதுமக்களுக்குத் திறந்தே கிடக்கின்றன. 2019 செப்டம்பர் 7-ல் சந்திரயான் 2-இன் தரையிறங்கு கலமான விக்ரம் தொடர்பிழந்து நிலவில் மோதியது. அந்த வட்டாரத்தை நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் படமெடுத்து வெளியிட்டது. சூரியன் தொடுவானை ஒட்டி நின்ற நேரத்தில் எடுத்த படம்; நீண்ட நிழல்களால் பாதி இருட்டு. ஒரு பிக்ஸல் என்பது தரையில் சுமார் 1.3 மீட்டர். சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அந்தப் படத்தையும் அதே இடத்தின் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துருவினார். பழையதில் இல்லாத ஒரே ஒரு வெளிச்சப் பிக்ஸல் புதியதில் இருந்தது. நாசாவுக்கு எழுதினார். ஆய்வுக் குழு மறுபடியும் ஒப்பிட்டது. அதன்பின் நவம்பரில், சூரியன் சற்று உயர்ந்திருந்தபோது, 0.7 மீட்டர் நுணுக்கத்தில் எடுத்த படத்தில் மோதிய இடமும் சிதறிய துண்டுகளும் தெளிவாயின. அவர் கண்ட துண்டு மோதல் இடத்துக்கு வடமேற்கே சுமார் 750 மீட்டர் தள்ளிக் கிடந்தது. டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லி அறிவித்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கோள். மேகம் விலகவே விலகாத அந்தத் தரையை ரேடார் கொண்டு தடவிப் பார்த்த மெகல்லன் விண்கலத்தின் படங்களோடு வருகிறேன். அதற்குள் செவ்வாயில் ஹெலாஸ் என்ற படுகையைத் தேடி, அதன் விளிம்பிலிருந்து அடிமட்டம் வரை ஒருமுறை இறங்கிப் பாருங்கள். குறுக்களவு சுமார் 2,300 கி.மீ., ஆழம் 7 கி.மீட்டருக்கும் மேல்.

(தொடரும்)