தொண்டு செய்யும் கைகளுக்கும் காவல் வேண்டும்

வயிற்றுப்புண் கண்டவரைப் பார்த்து, "வேளைக்கு உண்ணாததால் வந்தது, காரத்தால் வந்தது, கவலையால் வந்தது" என்று கூறுவது நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். மருத்துவ உலகமும் ஏறத்தாழ அவ்வாறே எண்ணியிருந்தது. அமிலம் சுரக்கும் இரைப்பையில் கிருமி வாழ இயலாது என்பதே அந்நாளைய முடிபு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்களாகிய ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் 1982-இல் அத்தகைய கிருமி ஒன்றைக் கண்டு, அதனை வளர்த்தும் காட்டினர். ஐயுற்றவரே மிகுதி. 1984-இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே பருகினார். சில நாள்களில் வாந்தி கண்டது. இரைப்பை அழற்சியும் சோதனையில் புலப்பட்டது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அக்கிருமியின் பெயர். அது அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சூழ்ந்த அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. அதனை உடையோருள் பெரும்பாலோர்க்கு யாதொரு தொல்லையும் இல்லை. சிலர்க்குப் புண் உண்டாகிறது. மிகச் சிலர்க்கு இரைப்பைப் புற்றுநோயும் நேர்கிறது.

இக்கிருமி வாய்வழியே பரவுவது. 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, வாந்தியில் இது உயிருடன் வெளிப்படுவதைக் காட்டிற்று. எனவே எண்டாஸ்கோப்பி அறையில் பணிபுரிவோரை நினைத்துப் பார்ப்போம். நோயாளியின் தொண்டை வழியே குழாய் இறங்குகிறது; அவர் குமட்டுகிறார்; தாதி அவர் தலையைத் தாங்குகிறார்; பின்னர் இரைப்பை நீர் படிந்த அக்குழாயைக் கழுவுவதும் தாதியோ உதவியாளரோதான். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர், இவ்வறையில் உழைப்போரிடம் இத்தொற்று மற்றையோரினும் மிகுந்திருப்பதாகக் கண்டனர். வேறுபாடு காணாத ஆய்வுகளும் உண்டு. நம் நாட்டிலோ பலர் சிறுவயதிலேயே இதனைப் பெற்றுவிடுவதால், பணியால் வந்தது எது என்று பிரித்தறிவது எளிதன்று. ஆயினும் அதுவே அசட்டைக்குக் காரணமாகலாமோ?

காவல் முறைகள் அரியவை அல்ல. கையுறை, முகமூடி, கண்ணாடி, மேலங்கி ஆகியவற்றை அணிதல். குழாயைத் தூரிகையிட்டுக் கழுவிப் பின் கிருமிநாசினியில் முறைப்படி அமிழ்த்தல். பணி முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுதல். அவ்வறையில் எதுவும் உண்ணாதிருத்தல். வயிற்றுவலி தொடர்ந்தால் மூச்சுச் சோதனையாலோ மலச் சோதனையாலோ தொற்றினை அறியலாம். மருத்துவர் தரும் மருந்துகளை இடைநிறுத்தாது உண்டால் பெரும்பாலும் நீங்கும்.

கையுறை அணிந்து தொடும் தாதியை, "எங்களைக் கண்டு அருவருக்கிறாள்" என்று உறவினர் சிலர் கடிந்துகொள்வர். அது அருவருப்பு அன்று. அக்கையுறை நோயாளியையும் காக்கிறது; அவளுக்காக வீட்டில் காத்திருக்கும் குழந்தையையும் காக்கிறது. மருத்துவமனை நடத்துவோரும் கையுறைச் செலவில் சிக்கனம் தேடலாகாது. பிறர் நோயைத் துடைக்கும் கைகள் நோயுறாது காப்பது, அக்கைகளால் நலம்பெறும் நம் அனைவரின் கடன்.