உங்களுக்குத் தெரியுமா? ரத்த அட்டையில் இல்லாத சேதிகள்

ஏ, பி, ஏபி, ஓ. பக்கத்தில் ஒரு பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ். ரத்தப் பிரிவு என்றால் நமக்கு இவ்வளவுதான். ஆனால் சர்வதேச ரத்தமேற்றல் சங்கம் அங்கீகரித்துள்ள ரத்தப் பிரிவு அமைப்புகள் 45-ஐத் தாண்டிவிட்டன. ஏபிஓ-வும் ஆர்எச்-சும் அவற்றில் இரண்டு!

1952-ல் பம்பாயில் ஒய்.எம். பெண்டே குழுவினர் அறிவித்ததுதான் ‘பாம்பே ரத்தம்’. ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான ‘எச்’ என்ற பொருளே இந்தப் பிரிவினரின் சிவப்பணுவில் இருக்காது. மேலோட்டமான சோதனையில் ‘ஓ’ என்றே வரும். அதை நம்பி ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து; ஓ ரத்தத்தில்தான் எச் மிக அதிகம். ஏற்றப்போகும் ரத்தத்தோடு பொருத்திப் பார்க்கும் ‘கிராஸ் மேட்ச்’ செய்யும்போதுதான் குட்டு உடைகிறது. ஐரோப்பாவில் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு இருக்கும் இந்தப் பிரிவு, இந்தியாவில் சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தாய், தந்தை இருவழியிலும் மாறிய மரபணு வந்து சேர்ந்தால்தான் இது ஏற்படும். அதனால் உடன்பிறந்தவருக்கும் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வீட்டில் ஒருவருக்குத் தெரியவந்தால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரையும் சோதித்துவிடுவதே நல்லது.

சிக்கல் அரிய பிரிவோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் 1990-ல் வெளியான ஓர் ஆய்வு: அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்ட கறுப்பின சிக்கிள் செல் (அரிவாள் செல் ரத்தசோகை) நோயாளிகளில் 30 சதவீதம் பேரின் உடலில், ஏற்றிய ரத்தத்துக்கு எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. மற்ற ரத்தசோகை நோயாளிகளில் அது 5 சதவீதம்தான். ரத்தம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். ஏபிஓ பொருந்தியது, நுண்பிரிவுகள் பொருந்தவில்லை. எதிர்ப்பொருள் ஒன்று உருவாகிவிட்டால், பொருந்தும் அடுத்த பாட்டில் கிடைப்பதே பெரும்பாடு.

அப்படி ஒரு நுண்பிரிவுதான் ‘டஃபி’. சிவப்பணுவில் இந்தப் புரதம் ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு இல்லை. வைவாக்ஸ் மலேரியாக் கிருமி நுழையும் வாசல் அதுதான். அந்த வகையில் அது இல்லாதது அவர்களுக்குக் காவல். மரபணுவைப் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. சிவப்பணுவில் மட்டும்தான் அந்த மரபணு அணைந்து கிடக்கிறது. மற்ற உறுப்புகளில் இதே புரதத்தின் ‘டஃபி பி’ வகை உற்பத்தியாகிறது. ஆகவே உடல் அதை அந்நியமாக நினைப்பதில்லை. டஃபி பி உள்ள ரத்தத்தையும் இவர்களுக்குத் தயங்காமல் ஏற்றலாம். அரிய ரத்தம் தேடி அலைய வேண்டிய வேலை மிச்சம்.

ஆர்எச் நெகட்டிவுக்குக் காரணமும் ஊருக்கு ஊர் வேறு. ஐரோப்பியருக்குப் பெரும்பாலும் அந்த மரபணுவே இருக்காது. ஆப்பிரிக்கர் பலரிடம் இருக்கும், வேலை செய்யாது. ஐரோப்பியரை மட்டும் மனதில் வைத்து உருவாக்கிய மரபணுச் சோதனை, ஆப்பிரிக்க நெகட்டிவை பாசிட்டிவ் என்று சொல்லிவிடக்கூடும்.

சிக்கிள் செல், தலசீமியா நோயாளிகளுக்கு ரத்தப் பிரிவு மரபணுச் சோதனை செய்யும் திட்டத்தை இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2024-ல் தொடங்கியது. சிக்கிள் செல் நமக்கும் தூரத்து நோயல்ல: நீலகிரிப் பழங்குடியினரிடம் அதன் மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் இருவரும் 1952-லேயே எழுதினார்கள். டஃபி பிரிவை 1950-ல் முதலில் விவரித்தவர்களில் ஒருவரும் இதே மேரி கட்புஷ்தான்.

‘எதிர்ப்பொருள் இருக்கிறது’ என்று ரத்த வங்கி எழுதிக்கொடுத்த சீட்டு உங்களிடம் இருக்கிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில ஆண்டுகளில் அது சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடலாம். ஆனால் உடல் அதை மறப்பதில்லை. அடுத்த முறை ரத்தம் ஏற்றும் முன் டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.