காதுக்குள் ஓயாத இரைச்சலா? என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

இரவில் வீடு அடங்கிய பிறகு காதுக்குள் 'ங்கொய்' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறதா? சிலருக்கு அது சில்வண்டு கத்துவதுபோலக் கேட்கும். சிலருக்குச் சீறல், சிலருக்கு விசில். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால், "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்பார். உங்களுக்கு மட்டும் கேட்கும் இந்தச் சத்தத்துக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் டின்னிடஸ் (காதிரைச்சல்).

இது மனக்கோளாறோ என்ற பயம் பலருக்கு உண்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்களோ என்று மறைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். பெரியவர்களில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. ஆனால் இரைச்சலாக இல்லாமல், யாரோ பேசுவதுபோலச் சொற்கள் கேட்டால் அது வேறு விஷயம். அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வெளியே சத்தமே இல்லாதபோது எப்படிக் கேட்கிறது? உட்காதில் நத்தைக்கூடு வடிவில் காக்ளியா (ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் உறுப்பு) இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற நீட்சிகள் கொண்ட செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 உண்டு. பெருஞ்சத்தத்தாலோ வயதாலோ இவற்றில் சில அழிந்தால், அந்தப் பகுதியிலிருந்து மூளைக்கு வரும் செய்தி குறைந்துவிடும். தூரத்து வானொலி நிலையம் சரியாகக் கிடைக்காதபோது நாம் ஒலியைக் கூட்டுவதுபோல, மூளையும் தன் கேட்கும் உணர்வைக் கூட்டிக்கொள்கிறது. அப்போது பாட்டுக்குப் பதில் கரகரப்புத்தான் பெரிதாகிறது. பெரும்பாலான காதிரைச்சலை இப்படித்தான் விளக்குகிறார்கள்.

அழிந்த செல்கள் திரும்ப முளைக்குமா? பறவைகளுக்கு முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. ஆகவே மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றுவதுதான் நம் கையில் இருக்கும் வேலை.

எல்லாருக்கும் காரணம் இதுதானா? இல்லை. காதில் அழுக்கு இறுகி அடைத்துக்கொண்டாலே இரைச்சல் வரும். மருத்துவர் அதை எடுத்ததும் போய்விடும். காதில் சீழ், ரத்தசோகை, தைராய்டு கோளாறு, உயர் ரத்த அழுத்தம், தாடை மூட்டுச் சிக்கல் ஆகியவையும் காரணமாகலாம். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசி மருந்துகளும், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் காதைப் பாதிக்கக்கூடியவை. ஆஸ்பிரினும் அதிக அளவில் எடுத்தால் இரைச்சலைக் கொடுக்கும்.

'இதயத்துக்காகத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் போடுகிறேனே, நிறுத்திவிடட்டுமா?' வேண்டாம். அந்தச் சிறிய அளவில் பொதுவாக இந்தத் தொல்லை வருவதில்லை. எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கொடுத்த மருத்துவரிடம் இரைச்சலைப் பற்றிச் சொல்லுங்கள். மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

ஒரு காது திடீரென்று, ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ கேட்காமல் போனால் அது அவசரம். 'சளி அடைத்திருக்கும், தானாகத் திறந்துகொள்ளும்' என்று காத்திருப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்க அதிக வாய்ப்பு. அன்றே கிளம்புங்கள்.

நாடித்துடிப்போடு சேர்ந்து 'திம் திம்' என்று கேட்டாலும், ஒரே காதில் மட்டும் இரைச்சல் நீடித்தாலும், தலைசுற்றலோ சீழோ சேர்ந்து வந்தாலும் சில நாட்களுக்குள் காட்டுங்கள். முகம் ஒருபக்கம் கோணினாலோ, தலையில் அடிபட்ட பின் இரைச்சல் தொடங்கினாலோ உடனே போங்கள். மற்றவர்கள் பதற வேண்டாம்; ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? கடலூர்க்காரர்களுக்கு மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரம் பக்கத்தவர்களுக்கு அண்ணாமலை நகரில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்கும் மருத்துவமனை. மேல்சிகிச்சை தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மர். காது மூக்கு தொண்டைப் பிரிவைக் கேட்டுப் போங்கள்.

அங்கே என்ன செய்வார்கள்? முதலில் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்ப்பார்கள். பிறகு ஆடியோகிராம் (எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுப்பார்கள். இதில் வலி கிடையாது. தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை உண்டு. ஸ்கேன் எல்லாருக்கும் வேண்டியதில்லை. ஒரு காதில் மட்டும் இரைச்சல், துடிப்போடு இரைச்சல் போன்ற நிலைகளில்தான் பெரும்பாலும் கேட்பார்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். என்ன வேலை, எத்தனை வருடம் சத்தத்தில் நின்றீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் யாருக்கு ஆபத்து அதிகம்?

நெய்வேலியில் சுரங்க இயந்திரங்களிலும் அனல்மின் நிலைய டர்பைன் பக்கத்திலும் நிற்பவர்கள், கடலூர் சிப்காட்டில் கம்பிரசர் அறையில் வேலை செய்பவர்கள், சர்க்கரை ஆலை, ரைஸ் மில், மரம் அறுக்கும் பட்டறைத் தொழிலாளர்கள். தேவனாம்பட்டினத்திலோ பரங்கிப்பேட்டையிலோ பைபர் படகில் இன்ஜினுக்கு அருகே மணிக்கணக்கில் உட்காரும் மீனவர்கள். அறுவடை இயந்திரம் ஓட்டுபவர்கள், பேருந்து ஓட்டுநர்கள், மைக் செட் போடுபவர்கள்.

இசைக்காரர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் நான்கு தேர் வீதிகளிலும் வாசித்து வரும் நாதஸ்வர, தவில் கலைஞர்களுக்குக் காதுதான் பிழைப்பு. ஆனால் அந்த ஒலிக்கு மிக அருகில் நீண்ட நேரம் நிற்பதும் அவர்களே. கோயில் விழாவோ, கல்யாண ஊர்வலமோ, மாசி மகமோ, வெடி போடும் இடத்தில் நிற்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபெல் (ஒலியின் வலிமையை அளக்கும் அலகு) என்பதுதான் பட்டாசுக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு. அதே பட்டாசு காதருகே வெடித்தால், ஒரே வெடியில் நிரந்தரப் பாதிப்பு வரலாம்.

எவ்வளவு சத்தம் அதிகம்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபெல் என்றால் வாரம் முழுவதுக்கும் சேர்த்தே சுமார் 20 நிமிடம். மூன்று டெசிபெல் ஏறினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. அதனால்தான் நேரம் இவ்வளவு வேகமாகக் குறைகிறது.

அளக்கும் கருவி இல்லையே? கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்தின் சத்தம் காதுக்கு ஆபத்தானது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் காது மந்தமாகவோ இரைச்சலாகவோ இருந்தால், அன்று அளவு மீறியிருக்கிறது. காலையில் சரியாகிவிட்டது என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். அடிக்கடி நடந்தால் ஒருநாள் சரியாகாமலே நின்றுவிடும்.

பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா? போதாது. பஞ்சு சத்தத்தை மிகக் கொஞ்சமே குறைக்கும். மருந்துக் கடைகளிலும் பாதுகாப்புச் சாதனக் கடைகளிலும் கிடைக்கும் நுரை இயர் பிளக் (காதடைப்பான்) விலை குறைவுதான். அதை விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேலே பின்னோக்கி இழுத்து, உள்ளே நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். அரைகுறையாகச் செருகினால் பயனில்லை. இசைக் கலைஞர்களுக்குச் சுருதி கெடாமல் எல்லா ஒலியையும் சமமாகக் குறைக்கும் தனி வகை இருக்கிறது.

அடைப்பான் இல்லாதபோது? விலகி நில்லுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். மணிக்கு ஒரு முறையாவது சத்தத்திலிருந்து வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

செல்போனில் பாட்டு கேட்பவர்கள் ஒலியை 60 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். பேருந்தில் இன்ஜின் சத்தத்தையும் ஹாரனையும் மீறிக் கேட்கத்தான் நாம் ஒலியைக் கூட்டுகிறோம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை தினமும் அப்படிப் போய்வரும் கல்லூரி மாணவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சட்டம் ஏதாவது துணைக்கு வருமா? வரும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்தான் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குறிப்பிட்ட விழா நாட்களில் மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். மீறினால் காவல்துறையிடம் புகார் செய்யலாம். பலகுரல் ஏர் ஹாரனும் மோட்டார் வாகன விதிகளின்படி தடை செய்யப்பட்டதே. வேலையிடத்துச் சத்தத்தால் வரும் காது கேளாமை, இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே வேலையில் சேரும்போது எடுத்த ஆடியோகிராமையும் பிறகு எடுத்தவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். நாளைக்கு உங்கள் பக்கத்து ஆதாரம் அதுதான்.

இரைச்சலை நிறுத்த மாத்திரை உண்டா?

நேராகச் சொல்ல வேண்டுமென்றால், இன்றுவரை காதிரைச்சலையே நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இல்லை. 'ஒரே மாதத்தில் குணம்' என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு என்று எதையும் காதில் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கும். ஹேர்பின், கோழி இறகு, பட்ஸ் எதுவும் உள்ளே போகக்கூடாது. அவை அழுக்கை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும்.

அப்படியானால் வாழ்நாள் முழுக்க இந்தத் தொல்லைதானா? அப்படியில்லை. சத்தம் ஒன்று, அதனால் வரும் அவதி வேறு. சத்தம் அப்படியே இருந்தாலும் அவதியைப் பெருமளவு குறைக்க முடியும். ஆபத்தில்லை என்று மூளைக்குப் பழகிவிட்டால், பல மாதங்களில் அது அந்தச் சத்தத்தைக் கவனிப்பதையே குறைத்துக்கொள்கிறது.

அதற்கு முதல் வழி, முழு நிசப்தத்தைத் தவிர்ப்பது. படுக்கும்போது மின்விசிறியை ஓடவிடுங்கள். அல்லது மழை, அலை போன்ற ஒலியை மெதுவாக வையுங்கள். இரைச்சலை மூடி மறைக்கும் அளவுக்கு வேண்டாம். அதைவிடச் சற்றுத் தணிந்து ஒலித்தால் போதும்.

காது கேட்பதும் குறைந்திருந்தால் இரண்டாவது வழி செவித்துணைக் கருவி. 'இரைச்சலுக்குக் கருவி எதற்கு?' என்று கேட்பீர்கள். வெளி ஒலிகள் நன்றாகக் காதில் விழுந்தால் மூளை தன் உணர்வைக் கூட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது. வாங்க வசதியில்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கேட்புத்திறன் இழப்பின் அளவுதான் கணக்கு. இரைச்சலுக்கென்று தனிச் சான்று இல்லை.

மூன்றாவது வழி, எண்ண நடத்தைச் சிகிச்சை (பயத்தைக் கூட்டும் நினைப்புகளை அடையாளம் கண்டு மாற்றும் பயிற்சி). இரைச்சலால் வரும் அவதியைக் குறைப்பதில் அதிகச் சான்று உள்ள சிகிச்சை இதுதான். தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

காபி, டீயை நிறுத்த வேண்டுமா? எல்லாருக்கும் பொருந்தும் சான்று இல்லை. உங்களுக்கு அதனால் கூடுகிறது என்று தோன்றினால் சில வாரம் குறைத்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் தாராளமாகக் குடியுங்கள். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் நேரத்துக்குத் தூங்குவதும் நிச்சயம் நல்லது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்லாதீர்கள். கேட்காதது உங்களுக்குத்தான், அவருக்கு அது உண்மையான சத்தம். முகம் பார்த்து, டிவியைக் குறைத்துவிட்டு, நிதானமாகப் பேசுங்கள்.

சத்தத்தில் வேலை செய்பவராக இருந்தால், காது நன்றாகக் கேட்கும்போதே முதல் ஆடியோகிராமை எடுத்துவிடுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒன்று. இயர் பிளக்கை இன்றே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சத்தத்தால் நிரந்தரமாகப் போன கேட்கும் திறனை மருந்தால் மீட்க முடியாது. இருப்பதைக் காக்க அந்தச் சின்னஞ்சிறு நுரைத் துண்டு போதும்.