அமிலம் வரைந்த தனிமனிதன்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

நைட்ரிக் அமிலம் என்றதும் ஆய்வகத்தில் செம்புத் துண்டிலிருந்து கிளம்பும் செம்பழுப்புப் புகைதான் நம் நினைவுக்கு வரும். அமிலத்தால் செம்பை அரித்து நிலவொளியையும் இருளையும் தாளில் இறக்கலாம் என்றால் நம்புவீர்களா? அம்முறைக்கு அக்வாடிண்ட் என்று பெயர். பிரெஞ்சு ஓவியர் லெ பிரின்ஸ் 1768 வாக்கில் இதைக் கையாண்டார்; ஸ்பெயின் நாட்டுக் கோயா இதன் உச்சியைத் தொட்டார்.

லினோலியத்தில் செதுக்கி அச்சிட்டால் கறுப்பு, இல்லையேல் வெள்ளை. நந்தலால் போஸ் 1930இல் ஆக்கிய, கோலூன்றி நடக்கும் காந்தியடிகள் அத்தகைய அச்சே. அங்கே அதுதான் அழகு. ஆனால் அந்தி மயக்கத்தைக் காட்டச் சாம்பல் நிறம் வேண்டுமே!

செப்புத் தகட்டின்மேல் ரோசின் பொடியைத் தூவுகிறார்கள். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயப்பற்று வைக்கும்போது தொட்டுக்கொள்ளும் அதே பிசின்தான். அடியில் சூடு காட்டினால் துகள்கள் இளகி ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலத்தில் இட்டால் துகள் மூடிய இடம் தப்பும். இடைவெளி அரிக்கப்பட்டு நுண்குழிகளாகும். குழி ஆழமானால் மை அதிகம் தங்கும், கறுப்பும் கூடும். வெளுப்பாக நிற்க வேண்டிய இடத்தில் வார்னிஷ் பூசிவிட்டு மறுபடியும் அமிலத்தில் இடுவார்கள். மதுரைச் சுங்குடியில் முடிச்சிட்ட இடத்தில் சாயம் ஏறாததைப் போல என்று கொள்ளுங்கள். இக்காலத்தில் பெர்ரிக் குளோரைடும் பயன்படுகிறது. அதில் அந்தப் புகைத் தொல்லை இல்லை. இறுதியில் மை தடவித் துடைத்து, நனைத்த தாளை வைத்து உருளையில் அழுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும்.

கோயா 1799இல் வெளியிட்ட 'கப்ரிச்சோஸ்' என்னும் 80 படங்கள் புகழ்பெற்றவை. என் மனமோ 1818ஐ ஒட்டி அவர் செய்த 'அரக்கன்' படத்திலேயே நின்றுவிட்டது. நோயால் செவிப்புலனை இழந்து கால் நூற்றாண்டு ஆனபின் செய்த படம் அது. இங்கே முறை தலைகீழ். தகடு முழுவதையும் முதலில் இருட்டாக்கிவிட்டு, வெளிச்சம் வேண்டிய இடங்களைச் சுரண்டியும் தேய்த்தும் எடுத்திருக்கிறார். வெற்றுடம்போடு ஒருவன் நிலத்தின் விளிம்பில் நமக்கு முதுகு காட்டி அமர்ந்து, தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறான். வானில் பிறை. அரக்கன் என்று பெயரிட்டவர் யாரோ, எனக்கு அவன் காவல்காரனாகத்தான் தெரிகிறான்.

திருச்சுழிப் பக்கம் கரிசலில் கம்பங்காட்டுக் காவலுக்கு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர் என் தாத்தா. அவருக்கென்று மிஞ்சியது பழைய குடும்ப அட்டையில் ஒட்டிய புகைப்படம் ஒன்றே. அதிலும் விளக்கொளியில் முகம் வெளிறிப்போய்விட்டது. இருட்டில் அவர் இருந்த இருப்பை யாரும் படமாக்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "கெமிஸ்ட்ரி படிச்சு என்னப்பா செய்யப்போற?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் இந்தத் தகடுதான் என் கண்முன் நிற்கிறது.

நம் பக்கத்துத் தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் அச்சுக்கலையில் பெயர் பெற்றவர். ஆனால் அவருடைய உலகம் கோடுகளும் இயக்கமும். கரிசல் மனிதனைத் தகட்டில் கொண்டுவர நம்மில் யாராவது முன்வரலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அந்த நுண்குழிகள் அழுத்த அழுத்தத் தேய்ந்துபோகும். 'அரக்கன்' படத்துக்கு இன்று அறியப்பட்ட பிரதிகள் 6 மட்டுமே.