கிறிஸ்துமஸ் மரமும் வீட்டு நிழற்படங்களும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில் அமைந்த ஊர் பரளச்சி. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்க்காமல் பெய்தால் மார்கழியில் அங்கே கரிசல் காடு பசுமை பெற்று விளங்கும். பொய்த்துவிட்டாலோ, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேலமரமும் உடைமரமுமே நிழல். அத்தகைய ஊரில் ஊசியிலை மரத்துக்கு எங்கே போவது? என் இளமையில் கிறிஸ்துமஸ் நெருங்கியதும், காய்ந்த உடைமரக் கிளை ஒன்றை வெட்டிவந்து, சுண்ணாம்பு பூசி, மண் நிரப்பிய வாளியில் நட்டு வைப்போம். முள் நிறைந்த அந்தக் கிளையே எங்களுக்குக் கிறிஸ்துமஸ் மரம். அணிகளை மாட்டுவதற்கு முள்ளைக் காட்டிலும் நல்ல கொக்கி வேறு உண்டோ?

அந்த மரத்தில் வீட்டாரின் நிழற்படங்களை அணியாக்கி மாட்டும் முறையைப் பற்றியே மாணவ நண்பர்களாகிய உங்களிடம் பேச விரும்புகிறேன். இது சிறுவர் விளையாட்டுத்தானே என்று எண்ணிவிட வேண்டாம். இதில் நான் செய்த பிழை ஒன்றை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் என்னால் திருத்த இயலவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. என் அப்பத்தா காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. அவருடைய படம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அருப்புக்கோட்டையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளையும் முழங்கால் மேல் வைத்து, காதில் பாம்படம் தோளைத் தொட நேரே பார்த்துக்கொண்டிருப்பார். அவரும் எங்களோடு பண்டிகை கொண்டாட வேண்டும் என்னும் ஆசையால், கத்தரிக்கோல் கொண்டு முகத்தை மட்டும் வட்டமாக வெட்டி, சோற்றுப் பசையால் அட்டையில் ஒட்டி, முள்ளில் மாட்டினேன். மாலையில் வீடு திரும்பிய அப்பா மரத்தை நெடுநேரம் பார்த்தார். "மிச்சப் படம் எங்கேய்யா?" என்று கேட்டார். "அடுப்பில் போட்டுவிட்டேன்" என்றேன். அவர் அடிக்கவுமில்லை, வேறொரு சொல் சொல்லவுமில்லை. பருத்தி எடுத்துக் குடும்பத்தைக் காத்த அந்தக் கைகளின் உருவம் அன்றோடு போயிற்று. மறு ஆண்டு மழைக்காலத்தில், பசையை நாடி வந்த பூச்சிகள் எஞ்சிய முகத்தின் ஓரத்தையும் அரித்துவிட்டன.

மரத்தை அலங்கரிக்கும் வழக்கம் மிகப் பழையது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து வீடுகளில் மரம் வைத்து, தாளால் செய்த ரோஜா மலர்களையும் ஆப்பிள் கனிகளையும் அதில் கட்டினார்கள் என்று 1605ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. விக்டோரியா அரசியின் குடும்பம் அத்தகைய மரத்தைச் சூழ்ந்து நிற்கும் சித்திரத்தை 1848இல் லண்டன் வார இதழ் ஒன்று வெளியிட்டது. அதன் பின் இங்கிலாந்து முழுவதும் அவ்வழக்கம் வேகமாகப் பரவியது. ஆகவே, வீட்டில் கிடைக்கும் தாளைக் கொண்டு அணி செய்வது நாம் புதிதாகக் கண்டது அன்று.

நிழற்படம் இதனினும் இளையது. 1839இல் பாரிஸில் வெளியிடப்பட்ட தாகேர் என்பாரின் முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டின் மீது படம் பதிந்தது. அது ஒன்றே ஒன்றுதான்; அதிலிருந்து நேரே பிரதி எடுக்க வழியில்லை. இங்கிலாந்தின் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற முறையோ வேறு. முதலில், ஒளி கருமையாகவும் நிழல் வெண்மையாகவும் பதியும் 'நெகடிவ்' ஒன்றைத் தாளில் எடுத்து, அதிலிருந்து வேண்டிய அளவு படங்களை அச்சிடலாம். லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் மதுரைக் கோயிலையும் அரண்மனையையும் எடுத்த படங்கள் 1858இல் தொகுப்பாக வெளிவந்தன. அவர் கையாண்டதும் தாள் நெகடிவ் முறையே. பல பிரதிகள் எடுக்கப்பட்டமையால் அப்படங்கள் இன்றும் உலகின் பல இடங்களில் காணக் கிடைக்கின்றன.

நிழற்படக் கலையின் பெருமை பிரதி எடுக்க இயல்வதிலேதான் இருக்கிறது. என் பிழையும் இங்கேதான் விளங்குகிறது. மரத்துக்குப் போக வேண்டியது பிரதி. பெட்டியில் இருக்க வேண்டியது மூலப்படம். நான் மூலத்தையே மரத்துக்கு அனுப்பிவிட்டேன்.

இனிச் செய்முறையைக் காண்போம். நேர்வெயில் விழாத சன்னல் ஓரத்தில் படத்தைக் கிடத்தி, கைப்பேசியைப் படத்துக்கு நேர்மேலே சாயாமல் பிடித்துப் பிரதி எடுங்கள். பழைய படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தருபவை நுண்ணிய வெள்ளித் துகள்கள். அவை ஜெலட்டின் என்னும் மெல்லிய படலத்துக்குள் இருக்கின்றன. ஈரம் பட்டால் அந்தப் படலம் ஊறிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். இழுத்தால் உருவமே பெயர்ந்து வந்துவிடும். எனவே கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுப்பது நலம்.

பிரதியை லேசர் அச்சில் எடுப்பது நல்லது. அதில் மைத்தூள் சூட்டினால் உருகித் தாளில் பதிவதால், பசையின் ஈரத்தில் கலையாது. மை தெளித்து அச்சிடும் இயந்திரத்தின் படமோ ஈரம் பட்டால் கசிந்துவிடக் கூடும்.

சட்டத்துக்கு ஒரு பழைய வளையல் போதும். கண்ணாடி வளையல் உடைந்து கையைக் கிழிக்கும்; ஆதலால் உலோகம் அல்லது பிளாஸ்டிக் வளையல் கொள்க. இரண்டே கால் அளவு வளையலின் உள்விட்டம் ஏறத்தாழ 5.7 சென்டிமீட்டர், ஒரு முகத்துக்கு அது தாராளம். பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் வளையலின் வெளி விளிம்பை ஒட்டி வட்டம் வரைந்து வெட்டுங்கள். அதே அளவில் வெள்ளைத் தாள் ஒன்றும், உள் விளிம்பின் அளவில் படமும் வெட்டிக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டை நெசவூர் ஆகையால், தறியில் மிஞ்சிய வண்ண நூலுக்கு எங்களுக்குக் குறைவில்லை. அதை வளையல் முழுவதும் நெருக்கமாகச் சுற்றுங்கள்.

பசைக்குப் புளியங்கொட்டை உகந்தது. வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்து, நீரில் தளரக் கரைத்து, அடிபிடிக்காமல் காய்ச்ச வேண்டும். பூச்சி வராதிருக்கச் சிலர் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, வீட்டில் வேண்டாம். அன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சி, மெல்லெனத் தடவி, நன்றாக உலர விடுவதே தக்க காப்பு.

அட்டையின் முன்புறம் படத்தையும், பின்புறம் வெள்ளைத் தாளையும் ஒட்டுங்கள். பின்புறத் தாள் எதற்கு என்று கேட்கலாம். ஈரத்தில் விரிந்த தாள் உலரும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் வளைக்கும். இரு புறமும் தாள் இருந்தால் இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டும். இரவு முழுவதும் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்து, காலையில் வளையலை விளிம்பில் ஒட்டி, நூல் கட்டினால் அணி முற்றுப்பெறும். இவை எரியும் பொருள்களாதலால் மரத்தருகே மெழுகுவத்தி ஏற்றலாகாது.

அந்த வெள்ளைத் தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. அதில் படத்தில் இருப்பவரின் பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றை ஒட்டுவதற்கு முன்பே பென்சிலால் எழுதுங்கள். பென்சில் எழுத்து வெளிச்சத்தில் மங்காது, நீரில் கரையாது. உருவம் மங்குவதற்கு முன்னே பெயர் மறந்துபோன படங்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன.

மழை தவறிய ஆண்டுகளில் எங்கள் பக்கத்து மக்கள் பிழைப்பு நாடி வெளியூர் செல்வது வழக்கம். பண்டிகைக்கு வர இயலாத சித்தப்பாவும் அத்தையும் மரத்தின் கிளையிலாவது வந்து சேர்கிறார்கள். அப்பத்தாவும் இருக்கிறார், பூச்சி அரித்தது போக எஞ்சிய முகத்தின் பிரதியாக. சென்ற கிறிஸ்துமஸின்போது என் பேத்தி அதைக் கையில் எடுத்து, "தாத்தா, இவங்க காதுல என்ன தொங்குது?" என்று கேட்டாள். என் கத்தரிக்கோல் பட்ட இடம் அது. பாம்படத்தின் மேல்வளைவு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மீதியை நான் தாளில் வரைந்து காட்டினேன். வரையத் தெரிந்த அளவுக்கு வந்தது.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரே ஒரு படமாக யாரேனும் இருக்கக் கூடும். கத்தரிக்கோலை எடுக்கும் முன் அவரைப் பிரதி எடுங்கள். பிரதியின் பின்புறம் அவர் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால், தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.