பல்புக்கும் ஐசி நம்பர் உண்டு!

ஜார்ஜ் டவுன் கடைவீட்டு மாடியில் மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் ரவுட்டருக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? 192.168 என்று தொடங்கும் அதன் எண்ணை உலாவியில் தட்டி, பெரும்பாலும் அதன் அடியிலேயே ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லைப் போடுங்கள். வீடே வரிசையில் வந்து நிற்கும்! அண்ணன் கைப்பேசி, டிவி, வாசல் கேமரா, ஏர்கான், அம்மா குரல் கொடுத்தால் எரியும் சாமியறை பல்பு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு எண்கள். அத்தனை கூத்தும் அந்த இரண்டுக்குள்தான்!

ஒன்று மேக் முகவரி, பிறவி எண். தொழிற்சாலையிலேயே பதிந்து வரும் 12 எழுத்துகள். பினாங்கில் பிறந்தவரின் ஐசி, அதாவது அடையாள அட்டை எண்ணின் நடுவில் 07 இருக்குமே, அதுபோல முதல் ஆறு எழுத்துகள் பூர்வீகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த நிறுவனத்துக்கு எந்த ஆறு என்று உலகத்துக்கே பிரித்துத் தருவது ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு. பெட்டிமேல் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும், உள்ளிருக்கும் வைஃபை பாகம் யாருடையது என்று துப்பறியலாம். தொடங்கினால் தூக்கம் போச்சு!

மற்றது ஐபி எண். ரவுட்டர் தற்காலிகமாகக் கொடுப்பது. வீட்டு வாசலைத் தாண்டாது. உங்கள் பல்பின் அதே எண் சூலியா ஸ்திரீட்டிலும் இருக்கும், மதுரையிலும் இருக்கும். வெளியே போகும்போது வீடு முழுவதுக்கும் ஒரே எண்தான். யார் எதைக் கேட்டார்கள் என்று ரவுட்டர் குறித்து வைத்து, பதில் வந்ததும் சரியான கருவியிடம் சேர்க்கிறது. நொடிக்கு நொடி இந்த வேலை!

ஏன் இந்தச் சிக்கனம்? பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி தீர்ந்துபோனது.

இதற்கான மாற்று ஐபி ஆறாம் பதிப்பு. அதற்கென்றே ஒரு தேசிய ஆய்வு மையம் எங்கே உருவானது தெரியுமா? இங்கே பினாங்கில்தான், யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில்! 2005-இல் தொடங்கிய நாவ்6 மையம் அது. அதை வழிநடத்தியவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். இந்த ஆறாம் பதிப்பு எண்ணின் நீளம் 128 பிட். ஒரு வீட்டு வைஃபைக்கு வழக்கமாக ஒதுக்கும் பங்கு மட்டுமே, பழைய இணையம் முழுவதையும் 430 கோடி முறை அடுக்கினால் வரும் அளவு. பல்புக்கும் உலகம் முழுக்கச் செல்லும் சொந்த முகவரி!

ஆனால் தொடக்கத்தில் இந்த முறையை வகுத்தவர்கள் பிறவி எண்ணையே அந்த முகவரியின் பின்பாதியில் நுழைத்துவிட்டார்கள். கருவி எங்கே போனாலும் அதே அடையாளம் கூடவே போகும், யாரும் பின்தொடரலாம். நல்லவேளை, மாறிக்கொண்டே இருக்கும் தற்காலிக எண்கள் வந்தன.

கைப்பேசிகள் இன்னும் ஒரு படி மேலே போய், மேக் எண்ணையே மறைக்கின்றன. அமைப்புகளில் வைஃபை முகவரியைப் பாருங்கள். இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றா? அது பிறவி எண் இல்லை, அந்த வைஃபைக்காகக் கைப்பேசி தானே புனைந்துகொண்டது. பக்கத்துக் கோப்பிக்கடை வைஃபைக்கு மாறிப் பாருங்கள், அங்கே வேறொன்றைக் காட்டும்!